கோழிக்கு வாங்கிய நெத்திலி

"கொழம்புக்கா, கோழிக்கா? கோழிக்குன்னா ஒடைஞ்சதே கீதுக்கா" என்றார் பூந்தமல்லி மார்க்கெட் கருவாட்டுக்காரர். கோழிக்குத்தான் வாங்க வந்திருந்தேன். எங்கள் கோழிகளுக்கு இறகு கொட்டுகிறது; தவிடு மட்டும் போட்டால் முளைக்காது, நெத்திலி வாங்கி வா என்று அப்பா அனுப்பியிருந்தார். ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவர்மேல் பழைய ஆத்திரம் கிளம்பியது.

நான் சிறுமியாக இருந்தபோது குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸிலும் அப்பா கோழி வளர்த்தார். இறகு உதிரும் மாதங்களில் அவை முட்டையை நிறுத்திவிடும். அப்பா நெத்திலியை உப்புப் போக அலசி, உலர்த்தி, அம்மியில் நுணுக்கித் தன் கையாலேயே அவற்றுக்கு வைப்பார். எங்களுக்கு வெறும் ரசம்.

தம்பி பிறந்த வருடம் அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பைக் கையில் பிடித்தபடியே, "எனக்கும் ரெண்டு வறுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நீ இன்னா முட்டையா போடப்போறே?" என்றார் அப்பா. வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அம்மா அதன்பிறகு எதையுமே கேட்டதில்லை.

"நல்லதா, முழுசா குடுங்க" என்றேன் கருவாட்டுக்காரரிடம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மொறுமொறுவென்று வறுத்து அம்மாவின் தட்டில் கொட்டினேன். இறகில்லாத கோழியொன்றை மடியில் வைத்துக்கொண்டு அப்பா எட்டிப் பார்த்தார்.

"கோழிக்கு எங்க?"

அம்மா நிமிரவே இல்லை. நெத்திலியைக் கடித்தபடி கேட்டாள்:

"அது மட்டும் இப்போ முட்டையா போடுது?"