மூன்று நாள் சுற்றுலாவுக்கு ஒரு பெட்டி

பள்ளிக்கூடத்திலிருந்து ஊட்டிக்கு மூன்று நாள் சுற்றுலா போகிறார்கள், அதற்கு ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று அத்தை ஒரு சனிக்கிழமை காலையில் சொன்னபோது, எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அதில் சந்தேகப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. வேறு யாரும் என்றால் அப்பாவும் நானும்தான். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு.

அத்தை அப்பாவின் அக்கா. மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டின் முன்னறை அவளுடையது. அப்பா படித்ததும், அவருக்கு வேலை கிடைத்ததும், கல்யாணம் நடந்ததும் அத்தையால்தான் என்று அப்பாவே சொல்வார். அவர் சொல்ல மறந்த நாட்களில் அத்தை சொல்வாள். வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்பதிலிருந்து எனக்கு எந்த நிறத்தில் ரிப்பன் கட்டுவது என்பதுவரை அத்தையின் முடிவுதான். அம்மா அதை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அத்தை எங்கே போனாலும் எதை வாங்கினாலும் அம்மாவின் கண் ஒரு முறை அதைத் தொட்டுவிட்டு வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். அத்தை புறப்படும்போது அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, நீயும் கூடப் போ, என்னென்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வா என்றாள். கட்டைப்பை நாலைந்து சும்மா கிடக்கும் வீட்டில், மூன்று நாளுக்கு எதற்குப் பெட்டி என்பது அம்மாவின் கேள்வி. சோழவந்தானில் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்கு ஒரு வாரம் போவதானாலும் அம்மாவுக்கு ஒரு கட்டைப்பை போதும். அதைத் தாண்டி அவள் எங்கும் போனதும் இல்லை.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பை கடைகள் வரிசையாக இருந்தன. அத்தை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். அவள் பெட்டி பார்த்த விதம், பரீட்சை ஹாலில் பிட் தேடுவது போல இருந்தது. ஜிப்பை இழுப்பாள், மூடுவாள், மறுபடி இழுப்பாள். மூலையில் ஜிப் திரும்பும் இடத்தில் வேண்டுமென்றே வேகமாக இழுப்பாள். உள்துணியின் தையலை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள். மேல்மூடியின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, பள்ளம் விழுந்து திரும்ப எழும்புகிறதா என்று கவனிப்பாள். இழுகைப்பிடியை முழுக்க நீட்டி ஆட்டுவாள். கடகடவென்று சத்தம் வந்தால் அந்தக் கடையை விட்டே இறங்கிவிடுவாள். கடைக்காரர்கள் கியாரண்டி கார்டைக் காட்டினால் அவளுடைய சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியாக ஏறிய கடையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் எடுத்து நீட்டவில்லை. அத்தையே ஒரு நீலநிறப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். நான்கு சக்கரம். ஒற்றை விரலால் தள்ளியதுமே கடையின் வழுவழுப்பான தரையில் அது தானாக ஓடிப்போய் மேஜையில் முட்டிக்கொண்டு நின்றது.

"டைல்ஸ்ல எதுதான் ஓடாது பாய்? வெளிய ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்" என்றாள் அத்தை.

பாய் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அத்தை பெட்டியை இழுத்துக்கொண்டு, குண்டும் குழியுமான சந்தில் டீக்கடை வரைக்கும் நடந்தாள். பாய் இரண்டடி பின்னால் வந்தார். அத்தை பெட்டியோடு போய்விடுவாளோ என்று அவருக்குச் சந்தேகம். நான் பாய்க்குப் பின்னால் ஓடினேன். திரும்பிவந்ததும் அத்தை பெட்டியைப் படுக்கவைத்து என்னை அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னாள். நின்றேன். குதி என்றாள். பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குதித்தேன். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கே பயணம் என்று பாய் கேட்டார். ஊட்டி, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா என்றாள் அத்தை. பாய் பெட்டியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊட்டிக்கு எத்தன கிலோ விடுறாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

அத்தை என் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து எதிர்க்கடையில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். நான் வருவதற்குள் கூடுதலாகப் பல சாமான்கள் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. பெட்டியைச் சுற்றிக் கட்டும் பெல்ட், எண்ணைத் திருப்பித் திறக்கும் பூட்டு, துணியை வைத்துக் காற்றை உறிஞ்சினால் அப்பளமாகச் சுருங்கும் பிளாஸ்டிக் உறைகள், கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் ஒரு குட்டித் தராசு. பாய் இப்போது அத்தையிடம் மரியாதையாகப் பேசினார். நான் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். பாயின் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. ஊட்டிப் பேருந்தில் அப்படி ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அதன்பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. சின்னக் குக்கர் முதலில் போனது. பிறகு ஓர் இட்லித் தட்டு, ஒரு தேங்காய்த் துருவி. அத்தை மில்லுக்குப் போய் ஒரு ஊருக்கே போதுமான அளவு சாம்பார்ப்பொடி அரைத்துவந்தாள். அம்மா பீரோவைத் திறந்து தன் வளையல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. இருந்ததும் அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அத்தை எங்கேயோ தனி வீடு பார்த்துவிட்டாள், அங்கே யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோ, அத்தையின் பள்ளியில் வேலை பார்க்கும், மனைவியை இழந்த டிராயிங் மாஸ்டர் என்று அம்மாவே முடிவுசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், ஜெபம் முடியும்வரை அவரைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்தது. அவர் ஒரு முறைகூட அத்தை பக்கம் திரும்பவில்லை. வாசலில் கழற்றிவிட்ட தன் புதுச் செருப்பையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருப்பதுதான் சந்தேகம் என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அத்தை மேல் சந்தேகமே கிடையாது. அவருடைய சந்தேகம் எல்லாம் கடைக்காரர் மேல்தான். அக்காவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், சக்கரம் நான்கும் ஆறு மாதத்தில் கழன்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் முன் மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் உருட்டி உருட்டிப் பார்ப்பார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பிறகு, அத்தை தன் அறைக்குள் என்னை மட்டும் கூப்பிட்டாள். பெட்டி நிரம்பியிருந்தது. கொக்கித் தராசில் மாட்டி அதைத் தரையிலிருந்து தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. என்ன காட்டுது பாப்பா என்றாள். நான் எண்ணைப் படித்தேன். அத்தை பெட்டியை இறக்கி, ஒரு அப்பளக்கட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். படித்தேன். இன்னொரு கட்டையும் எடுத்தாள். அப்போது அப்பா பேப்பரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சக்கரத்தைப் பார்க்க வந்தவராக இருக்கும். கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார்.

"பஸ்ஸுல எவன்க்கா எடை போடுறான்?" என்றார்.

அத்தை பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும், பத்து நாள் இருக்கிறது என்று, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். இங்கே நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றாள். முன்னாலேயே சொன்னால் விடமாட்டாய், அதனால்தான் ஊட்டி என்று சொன்னேன் என்றாள்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. தம்பியும் பொண்டாட்டியும் சேர்ந்து அக்காவைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசும், இனிமேல் சர்ச்சில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பேன் என்று மட்டும் கேட்டார். அத்தை அப்பளக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இம்புட்டு வருசமா இந்த வீட்டுல இருந்து எல்லாரையும் நாந்தான் வழியனுப்பி வச்சிருக்கேன் தம்பி. ஒரு தடவ நான் போறேன்."

அப்பா உள்ளே வந்து பெட்டியை எழுப்பி நிறுத்தினார். அது உருண்டு வரும் என்பது அவருக்கு நினைவில்லை. இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் வைத்துக் கதவைப் பூட்டினார். சாவி சட்டைப்பைக்குள் போனது. பெட்டி இல்லாமல் எப்படிப் போவாள் என்பது அவருடைய கணக்கு. அத்தை மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனாள். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்க மட்டும் மூன்று பேரும் வந்தார்கள்.

அம்மா என்ன செய்வாள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அவளுடைய சந்தேகம் ஒரு வகையில் சரியாகிவிட்டது. டிராயிங் மாஸ்டர் மட்டும்தான் தப்பு. குக்கர் எங்கே போனது என்பதும் தெரிந்துவிட்டது. அம்மா அத்தையை இரண்டு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அங்க தனி ரூமா மதினி?"

தனி அறைதான், ஜன்னலைத் திறந்தால் கடல் என்று போட்டோ அனுப்பியிருக்கிறார்கள், சமையலும் நானேதான் என்றாள் அத்தை. அம்மா ஒரு சேலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கணக்குப் பாடத்துக்கு மட்டும்தான் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் எடுக்கிறார்கள் என்று சொன்ன அத்தை, சட்டென்று நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் ஆசிரியர் பயிற்சி முடித்தவள்தான். அந்தச் சான்றிதழ் பீரோவில் வளையல்களுக்குக் கீழே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், காபியை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு அம்மா அங்கேயே நின்றாள். மதினி போகட்டும் என்றாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா அப்படித் தானாக ஒரு முடிவைச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஊர் பேசினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள்.

"நீங்களே கூடப் போயி ஏத்திவிட்டுட்டு வாங்க. பொட்டிய வெளிய எடுங்க."

அப்பாவுக்கு முதன்முறையாக அம்மா மேல் சந்தேகம் வந்தது. முன்னறை காலியாகும், சமையலறை தன் கைக்கு வரும் என்றுதானே என்று கேட்டார். காபி ஆறுகிறது என்றாள் அம்மா. நானும் அப்பா சொன்னதுதான் காரணம் என்று நம்பினேன். முன்னறையில் என் மேஜையைப் போட்டுக்கொள்ளலாம் என்று மனதுக்குள் அளந்தும்விட்டேன்.

அத்தை போனாள். ரயில் நிலையத்தில் அப்பா பெட்டியைத் தரையில் வைக்கவே விடவில்லை; பிளாட்பாரக் கல் சக்கரத்தைத் தின்றுவிடும் என்று தோளில் ஏற்றிக்கொண்டார். திருவனந்தபுரம் வரை கூடப் போய்விட்டு, இரண்டு நாள் சவரம் செய்யாத முகத்தோடு திரும்பி வந்தார். எடை சரியாக இருந்ததாம், ஒரு அப்பளக்கட்டைக்கூட வெளியே எடுக்கச் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்தது பெருமைதான் என்று இப்போது தோன்றுகிறது. அத்தை இரண்டு வருடம் என்று போய் ஆறு வருடம் இருந்தாள்.

ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் நிலையம் இல்லை. அத்தை புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம். பள்ளியில் அரைநாள் விடுமுறை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பகலில் எங்கள் வீட்டுக் கதவு தாழிட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

புதிதாக அடுக்கித் தருவதற்காக அம்மா அத்தையின் பெட்டியைக் காலி செய்திருந்தாள். துணிகள் பாயில் குவிந்து கிடந்தன. காலிப் பெட்டியை மூடி, கைப்பிடியை உயர்த்தி, அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். வாசலிலிருந்து சமையலறைவரை போனாள். அங்கே திரும்பி மறுபடி வந்தாள். பெட்டி பக்கத்தில் ஒரு துணையைப் போலச் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. அம்மாவின் தோளில் கைப்பை தொங்கியது. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது என்று என்னை அடிக்கிறவள், காலில் செருப்புப் போட்டிருந்தாள். எங்கேயோ நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவள் போல, பக்கவாட்டில் எதையும் பார்க்காமல் நடந்தாள்.

கதவைத் தட்டினேன். திறக்கக் கொஞ்சம் நேரமானது. திறந்தபோது பெட்டி பாயில் படுத்திருந்தது, செருப்பு வாசலுக்குப் போயிருந்தது, அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. என்னம்மா செய்தாய் என்று கேட்டேன்.

"சக்கரம் சரியா ஓடுதான்னு பாத்தேன்" என்றாள்.

அம்மாவுக்கும் அந்தக் கடைக்காரர் மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் தட்டு கேட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.