பச்சையாகத் தெரிந்த தண்டுவடம்

ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். கூடவே ஜன்னல் வழியாக ஈர வயலின் வாசமும் வரும்... தஞ்சாவூரில் நான் அனாட்டமி டியூட்டராகச் சேர்ந்த காலம் இப்படித்தான், மூக்கு வழியாகவே எனக்குள் திரும்பி வருகிறது.

ஸ்கேன் படம் பார்க்க எங்களிடம் ஒரு விளக்குப்பெட்டி இருந்தது. ஆட்சி மாறும், சுவரில் சின்னம் மாறும், மத்தியானப் பவர்கட் மட்டும் மாறாது. அதனால் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். வெயில்தான் விளக்கு. பின்னால் சம்பா வயல்.

எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாக இருக்கும். வெள்ளை என்றால் ஃபிலிமில் அந்த இடம் கண்ணாடி மாதிரி. எங்கள் பிள்ளைகளுக்கு அதற்குள் பயிர்தான் தெரியும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அந்த நீரின் நிறம் கேட்டதற்கு ஒருத்தி, "பச்சையா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டாள். வெளியூர் எக்ஸாமினர் திருதிருவென்று முழித்தார்!

அந்த வருஷம்தான் என் மாணவன் குணசேகரன் கையில் ஒரு ஸ்கேன் கவரோடு வந்தான். கீழ்வேளூர்ப் பக்கத்துப் பையன். குத்தகை நிலத்தை விடச் சொல்லி வந்த தகராறில், அவன் அப்பாவை வரப்பிலிருந்து இழுத்துத் தள்ளியிருந்தார்கள். அவருடைய வலது கை துணியாகத் தொங்கியது.

"வகுப்புல ஒட்டுங்க மேடம்."

"உங்கப்பா படம்டா. பெரிய டாக்டர் பாக்கட்டும்."

"அவரு திங்கக்கிழமைதான் வருவாரு. தனியா பாக்க பயமா இருக்கு மேடம்..."

ஒட்டினேன். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு வேரோடு பிய்ந்திருந்தால், அந்த ஓட்டை வழியாக நீர் வெளியே வந்து பை போல நிற்கும். அப்புறம் கை திரும்பாது. வெறுமே இழுபட்டிருந்தால் நம்பிக்கை உண்டு. இதை அவனைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

மேகம் மறைத்திருந்தது. எல்லோரும் வெயிலுக்காகக் காத்து நின்றோம்.

வெயில் வந்தது. நடுவில் பச்சை நேராக எழும்பியது, காற்றில் லேசாக அசைந்தது. குணா ஒவ்வொரு வேராக விரலை இறக்கிக்கொண்டே வந்தான். பச்சை எங்கேயும் வழியவில்லை.

"கரை உடையல மேடம்."

"உடையலடா."

பிறகுதான் அவன் அழுதான்.

நிலம் போய்விட்டது. கை வர வருஷத்துக்கு மேல் ஆனது. "அப்பா அவரு கையாலயே சோறு பெசஞ்சு சாப்ட்டாரு" என்று ஓடிவந்து சொன்ன அன்று, எனக்கும் வகுப்பு எடுக்க ஓடவில்லை.

இப்போது பெரிய திரையில் நரம்புகள் மஞ்சள் மஞ்சளாகச் சுழல்கின்றன. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஏசி ரூம், ஜன்னலில் கறுப்புத் திரை. அதை விலக்கினாலும் வெளியே வயல் இல்லை, வீட்டு மனைக்கட்டுகள்தான்.

குணா இன்று நரம்பு டாக்டர். எப்போதாவது, நோயாளியின் பெயரை மறைத்து, ஒரு படம் அனுப்புவான். கீழே அதே ரெண்டு வார்த்தை: கரை உடையல.

போனில் படம் வெள்ளையாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் பச்சையாகத் தெரியும்.