நான் மறுத்த பாட்டு எண்கள்

சபையாருக்கு நேசம்மாள் எழுதிக்கொள்வது. பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் போதகர் சாட்சி சொல்லச் சொன்னபோது, எழுதித் தருகிறேன், யாராவது வாசிக்கட்டும் என்று சொன்னேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ஜெபினை, நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்று பட்டாளக் கோர்ட்டில் தீர்ப்பு எழுதி ஜெயிலில் போட்டார்கள். பத்து வருஷம். அவன்மேல் சொன்ன குற்றம் பொய் என்பதற்கு அத்தாட்சி சொல்லக் கூடியவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான். இந்தச் சாட்சியில் அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஜெபினின் அப்பா ரப்பர் வெட்டுக்குப் போய்வந்தவர். இவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். வடக்கே எல்லையில், தகவல் அனுப்பும் பிரிவில் வேலை. அந்த முகாமில் சொந்தமாக போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளி ஒருவன் மறைத்து வைத்திருந்த போனில் என்னைக் கூப்பிடுவான். ஒரே ஒரு நிமிஷம்.

"நான் விளிக்கியது யாருகிட்டயும் பறயாத அம்மா. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சிக்கலாவும்" என்பான்.

ஒரு நிமிஷத்தில் என்ன பேச முடியும்? எனக்கு நேரிலேயே பேச வராது. சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டுவிட்டால் பேச்சு தீர்ந்துபோகும். அப்புறம் அவன் மூச்சுவிடுவதை நானும், நான் மூச்சுவிடுவதை அவனும் கேட்டுக்கொண்டிருப்போம். ஒரு தடவை என்ன சொல்வது என்று தெரியாமல் மறுநாள் ஆராதனைப் பாட்டுகளின் எண்களைச் சொன்னேன். அவனுக்கு அது அத்தனை பிடித்துப்போனது.

சனிக்கிழமைதோறும் கோயிலைத் தூத்து வாரிச் சுத்தம் செய்வது என் வேலை. பாடகர் குழுவில் மறுநாள் பாட்டுகளைத் தீர்மானித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நம் கோயில்பிள்ளை தாசையா அண்ணன் மணி, விளக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு ஏணியில் ஏறி, தகர இலக்கங்களைச் சுவர்ப் பலகையில் மாட்டுவார். அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஜெபின் கூப்பிட்டதும் சொல்லுவேன். முப்பத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஏழு. முந்நூற்று நாற்பத்தொன்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டே டைரியில் எழுதுவான். பாடகர் குழுவில் பாடினவன்தானே. எண்ணைச் சொன்னாலே ராகம் வந்துவிடும். ஞாயிறு காலை நாம் இங்கே பாடுகிற நேரம் அவன் அங்கே காவலில் நின்று வாய்க்குள் பாடுவான். மூன்று வருஷம் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஓணம் கழிந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. மூன்றாம் வாரம் வீட்டு முற்றத்தில் ஜீப் வந்து நின்றது. யூனிபார்ம் போடாத இரண்டு பேர், கூட ஒரு போலீஸ்காரர். பக்கத்து வீட்டு சரோஜினி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நேசம்மா, நீ ஒண்ணும் பறயாத. வாயத் தொறந்தா ஒரு வார்த்தையப் பிடிச்சு ஒம்பது வார்த்தையா வலிச்சு நீட்டுவானுவ" என்று மெதுவாகச் சொன்னார்.

ஒருவர் இந்தியில் கேட்க, மற்றவர் மலையாளத்தில் என்னிடம் கேட்டார். மகன் போனில் கூப்பிடுவானா? நீங்கள் அவனுக்கு ஏதாவது எண்கள் சொன்னதுண்டா?

போன் பேசினதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளை சொன்னது மட்டும்தான் காதில் கேட்டது.

"இல்ல சாரே. அவன் விளிக்கது இல்ல. நான் ஒரு எண்ணும் சொன்னதில்ல. எனக்கு ஒண்ணும் அறியாது."

அதை எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். ஜீப் போனபிறகு முழங்கால் போட்டு, பிள்ளையைக் காப்பாற்றினீரே என்று ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நடந்தது என்ன என்று ரொம்பப் பிறகு, தீர்ப்பின் நகலை வாசிக்கக் கேட்டபோதுதான் தெரிந்தது. முகாமிலிருந்து ஏதோ ரகசியம் வெளியே போயிருக்கிறது. யார் என்று தேடினவர்கள் கையில் ஜெபினுடைய டைரி கிடைத்தது. வாரத்துக்கு வாரம் நாலு எண். பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இது கோயில் பாட்டு எண், அம்மா போனில் சொல்வார் என்று அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். கூட்டாளியின் போனையும் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவர்கள் ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்து பார்த்தார்கள். கேரளத்துக்காரன் என்பதால் கொண்டுவந்தது மலையாளப் பாட்டுப் புத்தகம். அதில் முந்நூறுக்கு முன்னாலேயே பாட்டு முடிந்துவிட்டது. டைரியில் முந்நூற்று நாற்பத்தொன்று இருக்கிறது.

நாங்கள் தமிழில் ஆக்கும் பாடுவது என்று பிள்ளை சொல்லிப் பார்த்திருக்கிறான். விலாசம் கேரளா, படித்தது மலையாளம், பாட்டு மட்டும் எப்படித் தமிழ் என்று கேட்டார்களாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளா, இரண்டு பக்கமும் கோயிலில் பாடுவது ஒரே புத்தகம் என்பது நமக்குத் தெரியும். அங்கே உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே வந்து ஒரு ஞாயிறு உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு யாரும் மெனக்கெடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே என் கையெழுத்து இருந்தது.

தீர்ப்பு பேப்பரில் வந்தது. போட்டோவும் வந்தது. அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். உதியன்குளங்கரையில் பஸ்சுக்கு நின்றால் சாயாக் கடையில் சத்தம் கேட்கும்.

"எலே, பய்ய பேசுங்கலே. பட்டாளக்காரனுக்க அம்மை நிக்கிறா. கேட்டு எழுதி அனுப்பிருவா."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வேன். நம் கோயிலிலும் பின்வரிசை பெஞ்சில் ஐந்து பேர் இருந்த இடத்தில் நான் ஒருத்தியானேன். குறையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தினமும் விடியற்காலை முழங்காலில் நின்று ஒன்றையே கேட்டேன். ஆண்டவரே, உண்மை தெரிந்த ஒருவரை அனுப்பும். ஒரே ஒருவர் போதும். இரண்டு வருஷம் இதைத்தான் கேட்டேன். வானம் அடைத்துக்கிடப்பதுபோல இருந்தது. ஜெபம் செய்வதை நிறுத்திவிடலாமா என்றும் நினைத்ததுண்டு.

சரோஜினி அக்காதான் என்னை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் சுஜாதா என்ற வக்கீலம்மாவிடம் விட்டார். வழியில், "நான் செங்கல் ஊருல எங்க சாமி கோயில்லயும் வேண்டியிருக்கேன். உனக்க தெய்வம் கோவிக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இல்ல அக்கா என்றேன்.

வக்கீலம்மா மேல்முறையீடு செய்யத் தீர்ப்பின் நகலை வாங்கினார். எங்களுக்கு மலையாளத்தில் வாசித்துச் சொன்னார். பாட்டுப் புத்தகத்தைப் பற்றி எல்லாம் வந்தது. பிறகு ஒரு வரி. போனில் எண் சொன்னதாகக் குற்றவாளி கூறுவதை அவனுடைய தாயாரே மறுத்திருக்கிறார்.

பிள்ளையைக் காப்பாற்ற இருந்த ஒரே வார்த்தையை நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். வக்கீலம்மா, "அம்மா, இது நீங்க சொன்னதுதானே?" என்று கேட்டார். அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று என்னையும் கொண்டுபோவார்களோ என்ற பயம். கொண்டுபோனால் பிள்ளைக்கு வேண்டி ஓட யார் இருக்கிறார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமை அப்படியே போனது. மூன்றாவது சனி கோயிலைத் தூத்துக்கொண்டிருந்தேன். தாசையா அண்ணனுக்குக் கண்ணில் பூ விழுந்த சமயம். ஏணியில் நின்றபடி சீட்டை என்னிடம் நீட்டினார்.

"கண்ணு ஒண்ணும் பிடிக்கல்ல மக்கா. நீ வாசி, நான் மாட்டியேன்."

வாசித்தேன். முப்பத்தெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாவது எண்ணைச் சொல்லிவிட்டு, ஜெபின் திருப்பிச் சொல்லும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். கோயிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை அறியாமல் வாய் திறந்தது.

"அண்ணா, அவனுக்கு எண்ணு சொன்னது நானாக்கும். இல்லைண்ணு கையெழுத்துப் போட்டதும் நானாக்கும்."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வர நேரமானது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்த எண்ணு? இந்தச் சீட்டுல உள்ள எண்ணா?"

"ஆமா அண்ணா."

"அட மடச்சி. சீட்டு ஒண்ணையும் நான் தூரக் களயல்லியே."

உடுப்பறைக் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கரண்ட் பில்லைக் குத்தி வைப்பதுபோல ஒரு கம்பியில் வருஷக்கணக்கான பாட்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எண்கள், பாடகர் குழுத் தலைவரின் கையெழுத்து. தூசியும் பல்லி முட்டையுமாகத் தொங்கியது. வாரம் தவறாமல் அந்தக் கதவைத் தள்ளி அதன் பின்னால் தூத்தவள் நான்.

உண்மை தெரிந்த ஒருவரை அனுப்பும் என்று கேட்டேன் அல்லவா? அந்த ஒருத்தியிடம் ஆண்டவர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத்தான் பயம்.

திங்கட்கிழமையே வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். "அம்மா, நீங்க கோர்ட்டில் வந்து, முன்னால் சொன்னது பொய் என்று வாயால் சொல்லணும். உங்கள் மேலேயும் கேஸ் வரலாம். பயமா இருக்கா?" என்றார்.

"பயம் உண்டு. வாறேன்" என்றேன்.

பாறசாலையில் ரயிலேறி, மேல்முறையீட்டுக் கோர்ட் இருக்கும் கொச்சிக்குப் போனோம். தாசையா அண்ணன் கம்பியை வேட்டித் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். நம் பாட்டுப் புத்தகம் என் பையில். கோர்ட்டில் என்னை நிறுத்தினார்கள். ஆண்டவரே என்றேன். அவ்வளவுதான் ஜெபிக்க முடிந்தது. பிறகு சத்தம் வந்தது. என் சத்தம் இத்தனை பெரிது என்று எனக்கே தெரியாது.

சீட்டையும் டைரியையும் ஒவ்வொரு வாரமாக ஒத்துப் பார்த்தார்கள். சேர்ந்தது. ஒரு வாரம் மட்டும் சீட்டில் ஐந்து பாட்டு, டைரியில் நாலு. அரசாங்க வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது எங்கே என்று கேட்டார்.

"ஞானஸ்நான ஞாயிறு சாரே. அண்ணைக்கு அஞ்சு பாட்டு. நாலு சொன்னதும் போன் கட்டாயிப் போச்சு."

"எத்தனையோ வாரங்கள். இது மட்டும் எப்படி நினைவிருக்கு?"

"வாரத்துக்கு ஒரு நிமிஷம் சாரே எனக்க மவன் பேசுவான். எனக்கு நினச்சுக்கிட்டு இருக்க வேற என்ன உண்டு?"

பின்னொரு நாள் தீர்ப்பை ரத்து செய்தார்கள். என்மேல் கேஸ் வரவில்லை. ஜெயிலில் இரண்டரை வருஷம் இருந்த பிள்ளை ஒரு துணிப்பையோடு வெளியே வந்தான். ரகசியத்தை விற்றது யார் என்று இன்றுவரை தெரியாது. தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வரி யாரும் எழுதி அனுப்பவில்லை. வேலை திரும்பக் கிடைக்குமா என்பது இன்னும் கேஸில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த அன்றே அவனிடம் சொல்ல நினைத்தேன். கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னேன். "மக்கா, இல்லைண்ணு சொன்னது நானாக்கும்."

அவன் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் அம்மா. அண்ணைக்கே எனக்கு வாசிச்சுக் காட்டினானுவ."

"பின்ன நீ ஏன் ஒரு கடிதாசியிலயும் எழுதல்ல?"

"பறயாதண்ணு சொன்னது நான்தானே."

அத்தனை நாளும் அவன் அதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவனையாக்கும் காட்டிக் கொடுத்தவன் என்று எழுதினார்கள்.

சபையாரே, எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்க் கையெழுத்தாகும். ஜெபின் இப்போது பாடுவதில்லை. கோயிலுக்கு வருவதில்லை. ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து பின்வாசலுக்குப் போகிறான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. சனிக்கிழமை தூத்து முடித்து வந்ததும், அடுக்களையில் நின்று பலகையில் உள்ள எண்களைச் சத்தமாகச் சொல்லுவேன். பதில் வராது. பல மாதம் சொன்னேன். ஆண்டவரிடம் இப்போது கேட்பது இது ஒன்றைத்தான்.

போன சனிக்கிழமை எழுபத்திரண்டு என்று சொல்லிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கிணற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவன், "எழுபத்திரண்டு" என்றான். நான் அசையவில்லை. அடுத்ததைச் சொன்னேன். அதையும் திருப்பிச் சொன்னான். நாலையும் சொன்னான்.

ஞாயிறு அவன் வரவில்லை. இந்த ஞாயிறு வருவானா என்று தெரியாது. ஆனாலும் என் வாயைத் திறந்த தேவன் அவன் வாயையும் திறப்பார் என்று நம்பி நன்றி சொல்லுகிறேன். உங்களிலும் உண்மை தெரிந்து பேசப் பயந்து இருப்பவர்கள் இருப்பீர்கள். நீங்கள் கேட்கும் ஜெபத்துக்குப் பதில் உங்கள் தொண்டையிலேயே இருக்கலாம். அவரை நம்பிச் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் பின்வரிசைக்கு வாருங்கள். என் பெஞ்சில் இடம் உண்டு.