நான்காம் திகதி, பதினோராம் மாதம்

பாடசாலைக் கணினியில் இருந்த களவுப் பிரதியை நீக்கிவிட்டு இலவச மென்பொருளைப் போட்டவன் நான்தான். யாரும் என்னிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். நடந்ததைச் சொல்லத் தொடங்கினால், என் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் மேல் தள்ளிவிடும் பழக்கம் எனக்கும் உண்டு.

பதுளை மாவட்டத்து லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது எங்கள் பாடசாலை. எழுதுவினைஞர் என்று தனியாக யாரும் கிடையாது. நான் கணித ஆசிரியன். கோடு நேராகப் போடுவேன், பதிவேட்டில் அடித்துத் திருத்தல் இருக்காது என்பதற்காக அலுவலக வேலை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தொண்டு அமைப்பு பழைய கணினி ஒன்றைத் தந்தபோது, அதுவும் என் மேசைக்கே வந்தது. பதுளையில் கணினிக் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நானா, கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் தேவையான மென்பொருளை ஒரு சீடியிலிருந்து போட்டுத் தந்தார். மாவட்டத்தில் பாதிக் கணினிகள் அந்த ஒரே சீடியில்தான் ஓடின. அதை யாரும் களவென்று நினைக்கவில்லை. மழைத் தண்ணீரைப் பிடிப்பது போலத்தான் நினைத்தார்கள்.

எனக்கு அது உறுத்தியது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய கணினிச் சஞ்சிகை ஒன்றோடு ஒரு சீடி இனாமாக வந்தது. அதில் அதே வேலைகளைச் செய்யும் முழுத் தொகுதி இருந்தது. கடிதம், அட்டவணை, படக்காட்சி எல்லாம் உண்டு. யார் வேண்டுமானாலும் போடலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் மூன்று முறை வாசித்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் பழையதை நீக்கிப் புதியதைப் போட்டேன். அன்றைய நாட்குறிப்பில், "காலை 9.10க்குத் தொடங்கி 10.25க்கு முடிந்தது. இனி இந்த அறையில் களவுப் பொருள் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் படிக்க இப்போது கூசுகிறது.

அது திறக்க நேரமெடுக்கும். "அமுக்கிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்துரலாம் போல" என்று பாடசாலை அதிபர் சிரிப்பார். ஆனால் வேலை செய்தது. பழையதில் எது எங்கே இருந்தது, புதியதில் எங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பியில் இரண்டு நிரல்களாக எழுதிவைத்தேன். பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள் நான்கிலும் போய்ப் போட்டுக் கொடுத்தேன். மற்ற அலுவலகங்கள் திறக்கக்கூடிய வடிவத்தில் சேமிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இதில் நான் தவறவிட்டது ஒன்றுமில்லை என்றே நம்பியிருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை ஒருவர் இருந்தார். அந்தத் தோட்டத்திலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து முடித்து, ஒன்பது ஆண்டுகளாக இரண்டாம் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். நியமனம் கிடையாது. பெற்றோர் சேர்ந்து கொடுக்கும் சிறு தொகைதான். அவருடைய வகுப்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் மீண்டும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததே இல்லை. தொண்டர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப்போகிறார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பேச்சு வரும். ஆண்டுதோறும் அது அடங்கும். ஒரு முறை உண்மையாகவே வந்தது. ஜூலை முதலாம் திகதியில் முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்களின் விபரங்களை பிளொப்பியில் பதிந்து, அச்சுப் பிரதியோடு தரவேண்டும் என்று கல்வி அலுவலகம் கேட்டது.

ஐந்து பாடசாலைகளும் தங்கள் பட்டியலை என்னிடமே கொடுத்தன. இருபத்து மூன்று பெயர்கள். பதிவதற்கு முன்பே எல்லா நிரல்களையும் நடுவில் நிற்கும்படி ஒழுங்குபடுத்தினேன். எழுத்து ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் என்று ஒட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்குப் பிடிக்காது.

அந்த ஆசிரியை பிறப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்தார்.

"நான் வாசிக்கிறேன் சேர், நீங்க அடிங்க. நாலாந் தேதி, பதினோராம் மாசம், எழுவது."

நான் 04/11/70 என்று அடித்தேன்.

"எனக்கு முப்பத்தஞ்சு ஆக நவம்பர் வரும் சேர். ஜூலையில முப்பத்தி நாலுதான்." பிறகு சிரித்தார். "நாலு மாசத்துல தப்பிச்சேன். எங்கம்மா கொஞ்சம் அவசரப்பட்டிருந்தா போச்சு."

"உங்கம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதமும் அடிக்கவா?"

"அடிங்க சேர். கீழ பெரிய சேர்கிட்ட சீலும் வாங்கிக் குடுங்க."

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் சான்றிதழையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். அச்சுப் பிரதியை எடுத்து, அளவுகோலை வரிவரியாக நகர்த்தி, இருபத்து மூன்று சான்றிதழ்களோடும் ஒப்பிட்டுச் சிவப்புப் பென்சிலால் சரி போட்டேன். இரண்டு முறை ஒப்பிட்டேன். பிளொப்பியையும் அச்சுப் பிரதியையும் நானே பதுளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வந்தேன்.

ஆறு வாரம் கழித்து நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பேர். அவர் பெயர் இல்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். கல்வி அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், மரியாதையானவர். கணினியில் தேடிப் பார்த்தார்.

"வயசு கூடிப் போச்சு மாஸ்டர். இந்தப் பிள்ளைக்கு முப்பத்தைஞ்சு முடிஞ்சு போச்சு."

"இல்லீங்க சேர்" என்றார் ஆசிரியை. உறையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். அவர் அதை வாசித்தார், திரையைப் பார்த்தார், மீண்டும் வாசித்தார்.

"இதில நவம்பர் நாலு. எங்கட லிஸ்ட்டில ஏப்ரல் பதினொண்டு எண்டெல்லோ கிடக்கு."

"நீங்க ஏத்தும்போது மாறியிருக்கலாம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நாங்கள் ஒண்டும் அடிக்கேல்ல மாஸ்டர். உங்கட பிளொப்பியில இருந்ததை அப்பிடியே எடுத்து ஒட்டினது. வயசை மெசின்தான் கணக்குப் பாத்தது." மேசை இலாச்சியிலிருந்து என் பிளொப்பியை எடுத்துப் போட்டுத் திறந்து காட்டினார். அவருடைய திரையில் அது ஏப்ரல் பதினொன்றாகத்தான் இருந்தது.

"அச்சுப் பிரதி?"

"அது பைலுக்குள்ள. அதை ஆர் பாக்கிறது?"

பிளொப்பியை வாங்கிக்கொண்டு நானாவின் கடைக்கு நடந்தோம். அவர் அதைப் போட்டு, அட்டவணையில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு தன்னிடமிருந்த வேறொரு கணினியில் என்னுடைய இலவச மென்பொருளைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சேர், இது அமெரிக்காகாரன் வழக்கத்துல நிக்குது. அவனுக்கு முதல்ல மாசம், பொறகுதான் தேதி. நீங்க நாலு பதினொண்ணுன்னு போட்டா அது ஏப்ரல் பதினொண்ணுன்னு வெளங்கிக்கிரும். உங்க ஸ்க்ரீன்ல நீங்க அடிச்ச மாதிரியேதான் காட்டும், அதான் புடிபடல."

"எல்லாருக்கும் மாறியிருக்கணுமே?"

"பன்னெண்டுக்கு மேல தேதி வந்தா அப்பிடி ஒரு மாசம் இல்லேல்ல, அத சும்மா எழுத்தாவே வச்சிக்கும். எழுத்து எடப்பக்கம் ஒட்டும், தேதி வலப்பக்கம் ஒட்டும். அத பாத்தாவே தெரிஞ்சிருக்குமே சேர்." பிறகு என் அட்டவணையை உற்றுப் பார்த்தார். "நீங்கதான் எல்லாத்தையும் நடுவுல நிப்பாட்டி வச்சிருக்கீங்களே."

நான் கணினியிலிருந்து பிளொப்பியை வெளியே எடுத்தேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன் சேர், நம்ம சீடியே கெடக்கட்டும்னு. களவு சாமானா இருந்தாலும் நம்ம ஊர் தேதிய காட்டும்" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார். எனக்குப் பின்னால் நின்ற ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "தேத்தண்ணி சொல்லவா?" என்று கேட்டார்.

அன்று இரவு பட்டியலை எடுத்து மீண்டும் பார்த்தேன். இன்னும் மூன்று பேருடைய பிறந்த நாளும் மாறித்தான் போயிருந்தது. மாறியும் அவர்கள் வயதெல்லைக்குள்ளேயே இருந்தார்கள். நேர்முகப் பரீட்சையில் சான்றிதழைப் பார்த்துப் பேனாவால் வெட்டித் திருத்தினார்களாம். அவ்வளவுதான். அந்த மூவரும் இன்று ஓய்வூதியம் உள்ள ஆசிரியர்கள்.

மென்பொருளின் மேல் பழிபோட எனக்கு வழியில்லை. அந்த அமைப்பை மாற்ற ஒரு வரியைத் தெரிவு செய்தால் போதும். நானா காட்டியபோது அரை நிமிடம் எடுத்தது. நான் அந்தக் கொப்பியில் அறுபது பக்கம் குறிப்பெழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைத் திறந்து பார்க்கவில்லை. சும்மா கிடைத்த பொருளென்பதால்தான் பிழையாகிப் போனது என்று அதிபர் சொன்னார். அது உண்மையில்லை. அதைத் தந்தவர்கள் தங்கள் ஊருக்குச் சரியாகத்தான் செய்து தந்திருந்தார்கள். எங்கள் ஊருக்குச் சரிசெய்ய வேண்டியவன் நான்.

மேன்முறையீட்டுக் கடிதத்தை எழுதினேன். பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதினேன். அதிபர் அதில் நான்கு நாள் கையொப்பமிடவில்லை.

"நீங்க உங்க பேர எழுதிட்டுப் போயிருவீங்க. கீழ சீல் ஸ்கூலோடது. இனிமே இங்கயிருந்து எது போனாலும் சந்தேகப்படுவாங்க."

"ஒன்பது வருசம் சேர்" என்றேன். "அவங்களுக்கு."

"தெரியுது" என்றார். ஐந்தாம் நாள் கையொப்பமிட்டார். அந்த நான்கு நாளும் முடிவை மாற்றியிருக்குமா என்று நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மாற்றியிருக்காது. அப்படியிருந்தும் போட்டுப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு வாரமும் பதுளைக்குப் போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கத் தொடங்கினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் கொழும்புக்கு ரெண்டு தரம் கோல் பண்ணீட்டன் மாஸ்டர். லிஸ்ட் மூடிப் போட்டினம் எண்டு சொல்லுகினம்" என்றார். பதில் கடிதம் ஜனவரியில் வந்தது. நியமனங்கள் முடிவடைந்துவிட்டன, அடுத்த சந்தர்ப்பத்தில் விண்ணப்பிக்கலாம். கடிதம் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இடைவேளையில் அவருடைய வகுப்புக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார். மடித்துத் தந்தார்.

"அன்னைக்கு ஸ்க்ரீன்ல நானும்தானே பாத்தேன் சேர்."

"நீங்க பாத்தது சரியாத்தான் இருந்துச்சு. நான்தான்..."

"நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு சேர். விடுங்க." சிறிது நேரம் கரும்பலகையைத் துடைத்தார். "நீங்க வந்து மன்னிப்புக் கேக்குற அன்னைக்கெல்லாம் நான்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு. அதுக்கும் எனக்கு இப்ப தெம்பில்ல."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு, அவராக என் மேசைக்கு வந்தார். தாய்க்கு இனி மலைக்குப் போக முடியாதாம். கொழுந்து பறிக்க ஆள் குறைந்திருந்த காலம். தோட்டத்து அலுவலகத்தில் தாயின் இடத்துக்கு இவருடைய பெயரைப் பதிந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வயதெல்லை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோரிக்கைக் கடிதம் மட்டும் வேண்டும்.

நான் கணினியைப் போடக் கை நீட்டினேன்.

"அதுல வேணாம் சேர்" என்றார். "கையாலயே எழுதுங்க."

எழுதினேன். ஒரே பக்கம். பிறந்த நாளை எழுதும் இடத்தில் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினேன். அவர் வாசித்துப் பார்க்கவில்லை. மை காயும்வரை காத்திருந்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அவர் வகுப்பு இடாப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பிறகுதான் கண்டேன். அன்றைய வரவுவரை ஒழுங்காகப் பதிந்திருந்தார்.

திங்கட்கிழமை இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தோம். நான் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கியதும் முன்வாங்கில் இருந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"எங்க டீச்சர் மலைக்குப் போயிட்டாங்க சேர். காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல எங்கம்மா பக்கத்துலதான் நின்னாங்க."

"தெரியும், உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.