முன்னூற்றோராவது மரம்

எங்கள் தோட்டத்துப் பீல்ட் ஆபிசர் ரெஜினோல்டின் தலைக்கனத்தைப் பால் நிறுக்கிற தராசில் வைத்தால் தராசு உடைந்துவிடும். வரக்காப்பொலையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கையில் டெப் என்கிற பலகைக் கம்ப்யூட்டர், வாயைத் திறந்தால் புரோகிராம். அவரைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. ரோசம்மாவைப் பற்றி எழுதப் போனால் குறுக்கே வந்து நிற்கிறார், என்ன செய்ய!

ரோசம்மா தெரணியகலைப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக றப்பர் பால் வெட்டுகிறவள். அவளுக்குப் பிரித்துக் கொடுத்த மரங்களுக்கு அடுத்த பிளாக் என்னுடையது. எங்கள் மலையில் தொள்ளாயிரம் மரம். எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் வரிசை இலக்கம். அதில் சிலது பால் வற்றின மரம். இலை பச்சையாகத்தான் இருக்கும், கத்தி வைத்தால் ஒரு சொட்டு வராது. ஒருத்தியின் பிளாக்கில் அப்படி இருபது மரம் இருந்தால், அவள் கொண்டுவர வேண்டிய கிலோவைக் குறைப்பார்கள். பத்தொன்பது என்றால் குறைப்பு இல்லை. கிலோ சேராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. ரோசம்மா வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான்.

ஆட்கள் வேலையை விட்டுப் போகப் போக பிளாக் எல்லை மாதாமாதம் மாறும். மாறும்போதெல்லாம் வற்றின மரங்களைத் திரும்ப எண்ணிக் காட்ட வேண்டும். அரை நாள் பாழ். ரோசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மஞ்சள் பெயின்ட்டோடு மலை ஏறினாள். முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை, ஒவ்வொன்றிலும் 'முதல் மரத்திலிருந்து இந்த மரத்தோடு சேர்த்து எத்தனை வற்றியிருக்கிறது' என்ற எண்ணிக்கையை எழுதிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எண்ணுகிற வேலையே இல்லை. பிளாக்கின் கடைசி மரத்து மஞ்சள் இலக்கத்திலிருந்து, முதல் மரத்துக்கு முந்தின மரத்து மஞ்சள் இலக்கத்தைக் கழித்தால் போதும்.

"மரத்துக்குப் பொட்டு வச்சு விளையாடுறியா?" என்று சிரித்தார் ரெஜினோல்ட். அடுத்த வாரமே அத்தனை மஞ்சள் இலக்கத்தையும் டெப்பில் ஏற்றி, தன் புரோகிராம் என்று தோட்ட மனேஜர் பெரிய துரைக்குக் காட்டினார். வெட்கங்கெட்ட மனிதர்! திருடினதையாவது ஒழுங்காகத் திருடினாரா? அதுவும் இல்லை.

போன மாதம் ரோசம்மாவுக்கு 301 முதல் 580 வரை கொடுத்தார்கள். வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லோரும் கூடி நிற்க, ரெஜினோல்ட் டெப்பைத் தட்டினார்.

"பத்தொன்பது. குறைப்பு இல்ல. சரி, அடுத்த ஆள்."

"இருபதுங்க ஐயா. 580ல அறுபத்தொண்ணு, 300ல நாப்பத்தொண்ணு."

"உன் பிளாக் 301லதானே தொடங்குது? அதுல நாப்பத்திரெண்டு. அதைத்தான் கழிக்கணும்."

"301ஏ வத்துன மரம்ங்க. அதைக் கழிச்சா என் மரத்தையும் சேத்துல்ல கழிக்கிறீங்க?"

"கம்ப்யூட்டர் பிழை விடாது. போ, போய் வேலையப் பாரு."

அட, அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தது யாராம்? ரோசம்மா நகரவில்லை.

"சரிங்க ஐயா. 301லேருந்து 301 வரைக்கும் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு மரம்."

தட்டினார். நாற்பத்திரண்டில் நாற்பத்திரண்டு போனால் என்ன வரும்?

"சைபர்."

"அப்ப அது வத்தலைன்னு சொல்லுது. பால் வருமா?"

"வரும்தானே!"

அவள் தன் கத்தியை நீட்டினாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எப்படி மறுப்பார்? முன்னால் அவர், பின்னால் பெரட்டே நடந்தது. 301ல் கத்தியை வைத்து இழுத்தார். பட்டை சுருண்டு விழுந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

ரோசம்மா பால் பிடிக்கிற சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பொறுத்து நில்லுங்க ஐயா. கம்ப்யூட்டர் பிழை விடாதுல்ல? பால் வந்ததும் கூப்பிடுங்க, நான் மத்த மரத்தை வெட்டிட்டு வர்றேன்."

நாங்கள் பால் நிறுக்கத் திரும்பியபோது அந்தச் சிரட்டை மரத்தடியில் கிடந்தது. பட்டியலில் ரோசம்மாவின் பெயருக்கு நேரே பத்தொன்பதை வெட்டி இருபது என்று எழுதியிருந்தது. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆளைக் காணவில்லை.