இருபது வாக்குச்சீட்டும் ரெண்டு காமாட்சியும்

அரக்கு உருகுற வாசனை எங்க வந்தாலும் எனக்கு அந்த ஸ்கூல் ரூம்தான் ஞாபகம் வருது... சீல் வெக்கிற அரக்கு, விரல்ல வெக்கிற மை, நடுவுல பூத் ஏஜெண்ட்டுங்க பிரிச்சு வெச்ச தக்காளி சாத பொட்டலம். எல்லாம் கலந்து ஒரு வாசனை.

என்னோட முதல் எலெக்‌ஷன் டியூட்டி அது.

டீச்சரா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், டியூட்டி போட்டது திருப்புட்குழி தாண்டி ஒரு சின்ன ஊர்ல. நான்தான் ஃபர்ஸ்ட் போலிங் ஆபீசர். பேருதான் பெருசு. வர்றவங்க பேர லிஸ்ட்ல தேடி, சத்தமா படிச்சி, கீழ கோடு போடணும், அவ்ளோதான் வேலை. அதுலயே சொதப்பினவ நான். சிரிக்காதீங்கபா.

டிரெய்னிங்ல ஒரு கவர காட்டினாங்க. உள்ள இருபது வாக்குச்சீட்டு. மெஷின் வந்த பிறகு எதுக்கு பேப்பர்னா... ஒருத்தர் பேர்ல வேற யாராவது ஓட்டு போட்டுட்டா, நிஜ ஆளு வந்து கேக்கும்போது இத தரணுமாம். டெண்டர் ஓட்டுனு பேரு. "இதெல்லாம் எவன் வந்து கேக்கப் போறான்"னு கடைசி பெஞ்சுல உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிச்சது யாரு? நான்தான். நல்லா வேணும் எனக்கு.

அன்னிக்கி காலையில ஒரு அம்மா வந்தாங்க. காமாட்சி, கணவர் ஏகாம்பரம். லிஸ்ட்ல கண்ணுக்குப் பட்டுச்சி, கோடு போட்டேன். பீப்னு சத்தம், போயிட்டாங்க.

மதியம் வெயில்ல இன்னொரு அக்கா வந்தாங்க. கட்டட வேலையில இருந்து நேரா வந்திருக்காங்க, முழங்கையில சிமெண்ட்டு காஞ்சி இருக்குது. காமாட்சி. கணவர் பேரு? ஏகாம்பரம்!

அம்மன் பேரு வேற, நம்ம ஊர சுத்தி கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு காமாட்சி மேலதான் விழும். மாப்பிள்ளைக்கும் கோயில் சாமி பேரா ஏகாம்பரம்னா போதும், ஜாதகத்தயே மூடி வெச்சிடுவாங்க நம்மாளுங்க. அப்போ லிஸ்ட்ல போட்டோவும் கிடையாது. காலையில வந்தவங்க வேற வீட்டு நம்பர். நான் நம்பர பாக்காம இந்த அக்கா பேருக்கு கோடு போட்டுட்டேன்!

லிஸ்ட்ட தூக்கிக்கினு பிரிசைடிங் ஆபீசர்கிட்ட ஓடினேன்.

எங்க பிரிசைடிங் ஆபீசர் ஒரு ஹெட்மாஸ்டர். நல்ல மனுஷன், ஆனா ஃபார்ம்னா பயம். "அடுத்த தடவ வாம்மா"ன்னாரு. ஒரு ஏஜெண்ட்டு, "அந்த இன்னொரு காமாட்சி வரி காலியாத்தானே இருக்குது, அதுல போட விடுங்க சார்"ன்னாரு. "அது தப்பு மேல தப்பு"ன்னு சார் கத்தினாரு.

அந்த அக்கா நகரவே இல்ல.

"எங்கம்மா போவும்போதெல்லாம் 'உன் ஓட்ட போட்டாச்சி, வூட்டுக்குப் போ'ன்னு திருப்பி அனுப்புவாங்க சார். அதுவும் ஒண்ணும் கேக்காம வந்துடும். போன தடவ என் பேரே இல்ல. மூணு வாட்டி தாலுக்கா ஆபீசுக்கு நடந்து பேர சேத்தேன். இதான் எனக்கு முதல் ஓட்டு. நான் போவமாட்டேன்."

தப்பு என்னுது. "சார்... அந்த இருபது பேப்பர்"ன்னேன்.

சார் கையேட்ட பொரட்டினாரு. அக்கா கார்டை பாத்தாரு, ரெண்டு கேள்வி கேட்டாரு, கவர பிரிச்சாரு. ரூல்ல ஒரு சின்ன பத்தி. அது இல்லேன்னா அந்த அக்கா வெறும் கையோட போயிருப்பாங்க.

பேப்பர வாங்குறதுக்கு முன்னாடி என்ன பாத்து கேட்டாங்க. "இத எண்ணுவாங்களா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரல.

"இல்லக்கா. தனியா சீல் வெச்சிடுவோம். கேஸ் ஆகி, கோர்ட்டு சொன்னாதான் பிரிப்பாங்க. தப்பு என்னுதுக்கா... மன்னிச்சிடுங்க."

முழங்கை சிமெண்ட்ட நகத்தால சொரண்டினாங்க.

"நான் வந்தேன்னு எதுலயாவது எழுதுவீங்களா?"

"ஃபார்ம்ல பேர் எழுதி உங்க கையெழுத்து வாங்குவோம்."

"அப்ப குடுங்க."

ஒவ்வொரு எழுத்தா கையெழுத்து போட்டாங்க. அட்டை மறைப்புக்குள்ள போயி, முத்திரை குத்த அவ்ளோ நேரம். க்யூவுல எல்லாரும் முணுமுணுத்துக்கினு இருந்தாங்க. நான் அடுத்த ஆள கூப்பிடல.

சாயந்திரம் அரக்கு வெச்சி சீல் பண்ணும்போது, போட்ட டெண்டர் ஓட்டு வெக்கிற கவருக்குள்ள ஒரே ஒரு பேப்பர்.

எட்டு வருஷம் கழிச்சி அதே ஸ்கூலுக்கு எனக்கு டிரான்ஸ்ஃபர். முதல் நாளே பொண்ண சேக்க அந்த அக்கா வந்து நிக்கிறாங்க! "நீ அந்த கோடு போட்ட டீச்சர்தானே?" ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாடியே. மானம் போச்சி. அன்னிலேருந்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் மறுநாள் ஸ்கூல் கேட்டாண்ட வந்து ஒரே கேள்வி... "டீச்சர், என் கவர பிரிச்சிட்டாங்களா?"

இப்ப லிஸ்ட்ல போட்டோ இருக்குது. எந்த பூத்துன்னு போன்லயே பாத்துக்கினு வர்றாங்க. ஆனாலும் நான் வீட்டு நம்பர், கணவர் பேரு, வரிசை நம்பர் எல்லாம் படிச்சிட்டுதான் பேனாவ எடுப்பேன். "என்னா மேடம், கல்யாணப் பத்திரிக மாதிரி படிக்கிறீங்க"ன்னு ஏஜெண்ட்டுங்க கலாய்க்கிறாங்க. போங்கடா.

போன எலெக்‌ஷனுக்கு மறுநாளும் வந்தாங்க. பொண்ணு ஏனாத்தூர்ல காலேஜ் படிக்குது இப்போ, அம்மாவும் பொண்ணும் ஒண்ணா போயி ஓட்டு போட்டிருக்காங்க. வழக்கம்போல கேள்வி. எனக்கு மனசு தாங்கல. இத்தன வருஷம் சொல்லாதத சொல்லிட்டேன். "அக்கா, அந்த கவரெல்லாம் கொஞ்ச நாள் வெச்சிருந்து அழிச்சிடுவாங்கக்கா. அது எப்பவோ போயிடுச்சி."

அழுவாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்கபா!

"அது தெரியாமலா டீச்சர் இருக்கேன்? நீ மறந்துடக் கூடாதுன்னுதான் கேட்டுக்கினு இருக்கேன்."

சொல்லிட்டு, மை வெச்ச விரல என் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கினே போயிட்டாங்க.