ஏரிப் பூங்காவில் ஒரு மொட்டை வட்டம்

சிரம்பானில் வெள்ளைக்காரன் காலத்து ஏரிப் பூங்காவில் இன்று கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. ரந்தாவிலிருந்து நானும் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவும் போயிருந்தோம். பெரிய மரங்களின் அடியில் களை எடுக்கவேண்டும். ஆளுக்கொரு மரம்.

அக்கா செம்பனைத் தோட்டத்தில், மண்டோர் என்ற கங்காணியின் கீழ், மரத்தடியில் வட்டமாகப் புல் செதுக்கியவர். கொஞ்ச நேரத்தில் அவருடைய மரத்தைச் சுற்றி ஒரு மொட்டை வட்டம். பேருக்குக்கூடப் புல் இல்லை.

ஏற்பாட்டாளர் செல்வி வந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, போன வாரம் நட்ட பூச்செடிங்க எங்கக்கா?”

அக்கா களைக் குவியலைத் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுலயும் பூவே இல்லியேம்மா. மரத்தடி சுத்தமா இல்லன்னா மண்டோர் ஏசுவாரு.”

“இங்க மண்டோர் யாரும் இல்லக்கா.”

“தெரியும் லா. அதான் நானே பாத்துக்கிட்டேன்.”

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குவியலைக் கிளறி, வேர் அறுபடாத செடிகளை மூவருமாகத் திரும்ப நட்டோம்.

பிறகுதான் செல்வி என் மரத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே மொட்டை வட்டம். அக்காவுடையதைவிடக் கச்சிதமாக.

எனக்கு மந்தினில் பேங்க் வேலை. தோட்டத்தில் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை. வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. என் அம்மா செம்பனையில் வட்டம் செதுக்கியவர்தான், ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கைக்கு எப்படித் தெரிந்தது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துப் பிள்ளைகளே, உண்மையைச் சொல்லுங்கள். இல்லாத மண்டோருக்குப் பயப்படுவது நான் மட்டும்தானா?